மவுஸுக்குள் இருக்கும் சார்ஜர்

சார்ஜ் ஏற்றிப் பயன்படுத்தும் ஒயர்லெஸ் மவுஸ் நின்றுபோனால் பெரும்பாலான வீடுகளில் நடப்பது ஒரே மாதிரிதான். போனுக்கென்று வாங்கிய வேக சார்ஜரை எடுக்கிறோம். இரண்டு முனையிலும் சி-டைப் பின் உள்ள அதே கேபிளால் மவுஸை இணைக்கிறோம். விளக்கு எரிவதில்லை. இரண்டு மணி நேரம் விட்டுப் பார்க்கிறோம், அப்போதும் இல்லை. உடனே தீர்ப்பு வந்துவிடுகிறது. சிலர் “பேட்டரி போச்சு” என்பார்கள். சிலர் “அவ்வளவு பெரிய சார்ஜரைப் போட்டால் இந்தச் சின்ன மவுஸ் தாங்குமா?” என்பார்கள். டீயைக் கையில் எடுத்துக்கொண்டு நிதானமாக உட்காருங்கள். இரண்டு தீர்ப்பையும் கொஞ்சம் தள்ளிவைப்போம். இரண்டும் ஒரே தவறான எண்ணத்திலிருந்து பிறந்தவை. அந்த எண்ணம் நீங்கிவிட்டால் மவுஸில் எங்கே பழுது என்பதைப் பாதிக்குமேல் நாமே கண்டுபிடித்துவிடலாம்.

அந்த எண்ணம் இதுதான்: சுவரில் செருகுகிறோமே, அந்தக் கட்டைதான் சார்ஜர்; அது பேட்டரிக்குள் மின்சாரத்தைத் தள்ளுகிறது; பெரியதாக இருந்தால் வேகமாகத் தள்ளும். படித்தவர், படிக்காதவர் என்றில்லாமல் எல்லோரும் இப்படித்தான் நினைக்கிறோம். ஆனால் அந்தக் கட்டை செய்யும் வேலை வேறு. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் ஏசி மின்சாரத்தை 5 வோல்ட் டிசியாக மாற்றித் தன் வாயில் தயாராக வைத்திருக்கிறது. யார் எடுக்கிறார்கள், எவ்வளவு எடுக்கிறார்கள் என்பதை அது முடிவு செய்வதில்லை. பேட்டரியின் நிலையைப் பார்த்து, இவ்வளவு போதும், இனி குறைக்கலாம், இப்போது நிறுத்தலாம் என்று முடிவெடுக்கும் உண்மையான சார்ஜர் மவுஸுக்குள்ளேயே இருக்கிறது. சில மில்லிமீட்டர் நீளமே உள்ள ஒரு சிப் அது.

வீட்டுச் சம்ப்பை நினைத்துக்கொண்டால் இது எளிதாகப் பிடிபடும். தெருவில் போகும் குடிநீர்க் குழாய் எத்தனை பெரிதாக வேண்டுமானாலும் இருக்கட்டும், அதனால் நம் சம்ப் பொங்கி வழிவதில்லை. சம்ப்பின் வாயில் பந்து கட்டிய ஒரு வால்வு இருக்கிறது. தொட்டி காலியாக இருந்தால் பந்து தொங்கும், தண்ணீர் முழுதாக வரும். மட்டம் ஏற ஏறப் பந்து மிதந்து வழியைக் குறுக்கும். நிரம்பியதும் அடைத்துவிடும். சுவரில் உள்ள அடாப்டர்தான் தெருக்குழாய், மவுஸுக்குள் இருக்கும் சிப்தான் பந்து வால்வு, பேட்டரிதான் தொட்டி.

இனி எண்களோடு பார்க்கலாம். மவுஸுக்குள் இருக்கும் லித்தியம் பேட்டரியை 3.7 வோல்ட் என்று சொல்வார்கள். முழுதாக நிரம்பினால் 4.2 வோல்ட். அதன் கொள்ளளவு பெரும்பாலும் 300 முதல் 500 மில்லி ஆம்பியர்-மணி வரை. இன்றைய போன்களில் இது 5,000 அளவில் இருக்கிறது. சிப் முதலில் பேட்டரியை அளந்து பார்க்கும். 3 வோல்ட்டுக்கும் கீழே போயிருந்தால் வழக்கமான மின்னோட்டத்தில் பத்தில் ஒரு பங்கை மட்டும் மெல்ல விடும். நிலைமை தேறியதும் முழு அளவைத் திறக்கும். 4.2 வோல்ட்டைத் தொட்டதும் அந்த மட்டத்தைப் பிடித்துக்கொண்டு மின்னோட்டத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் நிறுத்திவிடும். முழு அளவு என்று சொன்னாலும் மவுஸில் அது கால் ஆம்பியர் அளவுதான் இருக்கும். 5 வோல்ட்டில் கால் ஆம்பியர் என்றால் 1.25 வாட். எதிரே 65 வாட் அடாப்டர் இருந்தாலும் மவுஸ் எடுத்துக்கொள்வது அந்த ஒன்றேகால் வாட்டைத்தான்.

“வேக சார்ஜர் 9 வோல்ட், 20 வோல்ட் எல்லாம் தரும் என்கிறார்களே, அது மவுஸுக்குள் போனால்?” நல்ல கேள்வி. தரமான வேக சார்ஜர்கள் எல்லாமே 5 வோல்ட்டில்தான் தொடங்குகின்றன. எதிரில் இருக்கும் கருவி, அதற்கென்று உள்ள கம்பி வழியாக, முறைப்படி கேட்டால் மட்டுமே வோல்ட்டை உயர்த்தும். மவுஸுக்கு அப்படிக் கேட்கத் தெரியாது. ஆகவே 5 வோல்ட்டிலேயே நிற்கும். ஒரே ஒரு எச்சரிக்கை உண்டு. யாரும் கேட்காமலே 9 அல்லது 12 வோல்ட்டைத் தரும் சில அடாப்டர்களும் சி-டைப் பின்னோடு கிடைக்கின்றன. ஏதோ ஒரு விளக்கோடு, ஏதோ ஒரு கருவியோடு வந்த அடாப்டர் என்றால், மேலே அச்சிட்டிருக்கும் வெளியீட்டு வோல்ட்டைப் படித்துப் பார்க்காமல் செருக வேண்டாம்.

சரி, பெரிய சார்ஜரால் மவுஸ் எரியாது என்றால் விளக்கு ஏன் எரியவில்லை? இங்கேதான் இன்றைய மவுஸ்களில் அடிக்கடி காணும் காரணம் இருக்கிறது. அது பேட்டரியும் இல்லை, சார்ஜரும் இல்லை. இரண்டு மிகச் சிறிய ரெசிஸ்டர்கள் இல்லாததுதான்.

பழைய அகலமான யூஎஸ்பி துளையில், கம்ப்யூட்டர் விழித்திருக்கும்வரை 5 வோல்ட் எப்போதும் இருக்கும். எதைச் செருகினாலும் கிடைக்கும். சி-டைப் துளை அப்படி வடிவமைக்கப்படவில்லை. கேபிளின் இரண்டு முனையும் ஒரே மாதிரி இருப்பதால், இரு கருவிகளில் யார் கொடுப்பவர், யார் வாங்குபவர் என்பது அதைப் பார்த்துத் தெரியாது. ஆகவே விதிமுறை இப்படி: மறுமுனையில் வாங்கும் கருவி ஒன்று இருப்பது உறுதியாகும்வரை கொடுக்கும் துளை மின்சாரத்தை வெளியே விடக்கூடாது. அதை உறுதி செய்ய, 24 தொடர்புகள் உள்ள அந்தத் துளையில் சிசி என்ற பெயரில் இரண்டு தொடர்புகளை ஒதுக்கியிருக்கிறார்கள். வாங்கும் கருவி அந்த இரண்டிலும் தலா 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றை வைத்திருக்க வேண்டும். அடாப்டர் அதைக் கண்டுகொண்டால் 5 வோல்ட்டைத் திறக்கும். காணாவிட்டால் வாயை மூடிக்கொண்டு இருக்கும்.

மலிவான மவுஸ்கள் பலவற்றில் இந்த ரெசிஸ்டர்களே இருப்பதில்லை. ஒரு முனை அகலமான பழைய பின்னும் மறுமுனை சி-டைப்புமாக ஒரு கேபிளைப் பெட்டிக்குள் வைத்துக் கொடுத்துவிடுகிறார்கள். அந்தக் கேபிளில் மவுஸ் ஒழுங்காகச் சார்ஜ் ஏறும், ஏனென்றால் பழைய துளை எதையும் கேட்பதில்லை. நாம் அந்தக் கேபிளைத் தொலைத்துவிட்டு இருபுறமும் சி-டைப் உள்ள போன் கேபிளைச் செருகும் நாளில்தான் குறை வெளிப்படுகிறது. இது மலிவுக் கருவிகளில் மட்டும் நிகழும் தவறு என்றும் சொல்ல முடியாது. 2019 ஜூனில் வந்த ராஸ்ப்பெரி பை 4 என்ற பெயர்பெற்ற சிறு கணினியின் முதல் பதிப்பில், இரண்டு சிசி தொடர்புகளையும் இணைத்து ஒரே ரெசிஸ்டரில் முடித்திருந்தார்கள். சாதாரணக் கேபிளில் அது இயங்கியது. தன்னை அடையாளம் சொல்லும் சிப் பொருத்திய உயர்ரகக் கேபிளைச் செருகினால், அடாப்டர் அதை ஏதோ ஒலிக்கருவி என்று தவறாக எடுத்துக்கொண்டு மின்சாரமே தரவில்லை. பின்னால் வந்த பதிப்பில் சரிசெய்தார்கள். நல்ல கேபிள் போட்டால் இயங்காது, சாதாரணக் கேபிள் போட்டால் இயங்கும் என்ற நிலை. சி-டைப்பைப் பொறுத்தவரை இப்படி நடப்பதற்குக் காரணம் உண்டு என்பதை இது காட்டுகிறது.

ஆகவே முதல் சோதனை செலவில்லாதது. அகலமான பழைய பின் உள்ள கேபிளைத் தேடி எடுத்து, பழைய ஒரு ஆம்பியர் போன் அடாப்டரிலோ மேசைக் கணினியின் பின்புறத் துளையிலோ செருகிப் பாருங்கள். விளக்கு எரிந்தால் மவுஸிலும் பழுதில்லை, பேட்டரியிலும் பழுதில்லை. இன்னொரு சிறு சோதனையும் உண்டு. இருபுற சி-டைப் கேபிளில் மவுஸ் பக்கத்துப் பின்னைக் கழற்றி, தலைகீழாகத் திருப்பிச் செருகிப் பார்க்கலாம். ஒரு பக்கம் போட்டால் ஏறி, மறுபக்கம் போட்டால் ஏறாவிட்டால், மவுஸில் ஒரு ரெசிஸ்டரை மட்டும் வைத்திருக்கிறார்கள், அல்லது துளைக்குள் ஒரு தொடர்பு கெட்டிருக்கிறது.

அடுத்து, எங்கே செருகுகிறோம் என்பது. இரவில் லேப்டாப்பை மூடிவைத்து அதிலேயே மவுஸைச் செருகிவிட்டுத் தூங்கப் போகிறவர்கள் நிறையப் பேர். பல லேப்டாப்கள் உறக்கத்தில் யூஎஸ்பி துளைகளுக்கு மின்சாரத்தை நிறுத்திவிடும். காலையில் மவுஸ் அதே நிலையில்தான் இருக்கும். பவர் பேங்க்கில் வேறு ஒரு சிக்கல். மிகக் குறைந்த மின்னோட்டம் போனால், எதுவும் இணைக்கப்படவில்லை என்று எண்ணி அது தானே அணைந்துவிடும். மவுஸ் எடுப்பதே கொஞ்சம். நிரம்பும் தறுவாயில் இன்னும் கொஞ்சம். எனவே பாதி வழியிலேயே நின்றுபோகும். சில பவர் பேங்க்குகளில் சிறு கருவிகளுக்கென்று தனி முறை இருக்கிறது. பொத்தானை இரண்டு முறை அழுத்தவோ சிறிது நேரம் அழுத்திப் பிடிக்கவோ சொல்லியிருப்பார்கள்.

ஒல்லியான கேபிளால் சார்ஜ் ஏறவில்லை என்ற பேச்சும் உண்டு. போனுக்கு அது சரி, மவுஸுக்குப் பெரும்பாலும் பொருந்தாது. கால் ஆம்பியர்தான் போகிறது. ஒரு மீட்டர் ஒல்லிக் கேபிளில் ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்களவே குறையும். கேபிளின் பருமனைவிடப் பின்னின் தேய்மானத்தைக் கவனிப்பதே பயன் தரும். பழைய மைக்ரோ யூஎஸ்பி பின் உள்ள மவுஸ்களில் இது அடிக்கடி வரும். செருகியபின் பின் ஆடினாலோ, ஒரு பக்கமாக அழுத்திப் பிடித்தால் மட்டும் விளக்கு எரிந்தாலோ, ஒன்று பின் தளர்ந்திருக்கிறது, இல்லையென்றால் மவுஸுக்குள் துளையைத் தகட்டோடு இணைக்கும் பற்றவைப்பு விட்டிருக்கிறது. வேறொரு கேபிளில் இறுக்கமாக உட்கார்ந்தால் முதலாவது; எந்தக் கேபிளிலும் ஆடினால் இரண்டாவது. இரண்டாவதைச் சால்டரிங் தெரிந்த கடைக்காரர் சிறிது நேரத்தில் முடித்துக் கொடுத்துவிடுவார்.

துளைக்குள் அழுக்கு அடைந்திருப்பதும் நாம் நினைப்பதைவிட அதிகம். பைக்குள் போட்டு எடுத்துச் செல்லும் மவுஸ் என்றால் துணி நூலும் தூசும் சேர்ந்து, பின் செருகச் செருக உள்ளே இறுகிவிடும். பின் முழுதாக உள்ளே போகாமல் ஒரு கோடு வெளியே தெரிந்தால் இதைச் சந்தேகிக்கலாம். மவுஸை அணைத்துவிட்டு, பல்குத்தும் மரக்குச்சியால் மெல்லக் கிளறி வெளியே தட்டிவிடுங்கள். ஊக்கு, ஊசி வேண்டாம். உள்ளே நடுவில் இருக்கும் மெல்லிய நாக்கு கீறினால் பிறகு துளையையே மாற்ற வேண்டியிருக்கும். கடற்கரை ஊர்களில் பச்சை படிந்த தொடர்புகளும் காணப்படும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட மெல்லிய தூரிகை அதற்குப் போதும், முழுதாகக் காய்ந்த பிறகே செருக வேண்டும்.

பழுது என்று தோன்றி, பழுதே இல்லாத சிலவற்றையும் இங்கேயே சொல்லிவிடலாம். கேபிளில் இணைத்தும் கம்ப்யூட்டர் மவுஸைக் கண்டுகொள்ளவில்லை என்று சிலர் கவலைப்படுவார்கள். பல மவுஸ்களில் அந்தத் துளை சார்ஜுக்கு மட்டும்தான். தகவல் கம்பியே இணைத்திருக்க மாட்டார்கள். ஆப்பிளின் மேஜிக் மவுஸில் 2015 முதல் சார்ஜ் துளை அடிவயிற்றில் இருக்கிறது. 2024-இல் சி-டைப்புக்கு மாறியபோதும் இடம் மாறவில்லை. ஏற்றும்போது பயன்படுத்த முடியாது என்பது அதன் அமைப்பு. சில மாடல்களில் அடிப்பக்க ஸ்விட்ச் பேட்டரியையே துண்டித்துவிடும், ஆன் நிலையில் வைத்தால்தான் சார்ஜ் ஏறும். இரண்டு நிலையிலும் வைத்துப் பார்ப்பது நல்லது.

இவ்வளவுக்குப் பிறகும் விளக்கு எரியவில்லை என்றால் இப்போது பேட்டரியைப் பற்றிப் பேசலாம். பல மாதங்கள் மேசை இழுப்பறையில் கிடந்த மவுஸ்தான் இங்கே பெரும்பாலும் வரும். பேட்டரியோடு ஒட்டிய சிறு பாதுகாப்புத் தகடு ஒன்று உண்டு. பேட்டரி சுமார் 2.4 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால், மேலும் வடியாமல் இருக்க அது தொடர்பைத் துண்டித்துவிடும். அந்த நிலையில் மல்டிமீட்டரை வைத்தால் பூஜ்யத்தை ஒட்டியே காட்டும், பேட்டரி செத்துவிட்டது என்றே தோன்றும். 5 வோல்ட்டில் விடாமல் செருகி வைத்திருந்தால், முன்பு சொன்ன பத்தில் ஒரு பங்கு மின்னோட்டத்தில் மெல்ல மெல்ல எழுந்து வரக்கூடும். ஐந்து நிமிடத்தில் பிடுங்கிவிடாமல் ஒரு மணி நேரமாவது பொறுங்கள். ஆனால் பக்கத்திலேயே இருங்கள். ஆழமாக வடிந்து நெடுநாள் கிடந்த லித்தியம் பேட்டரியின் உள்ளே சேதம் ஏற்பட்டிருக்கக்கூடும், அதை இரவெல்லாம் தனியே விட்டு ஏற்றுவது சரியில்லை. மவுஸ் சூடானால் கழற்றிவிடுங்கள்.

விருப்பமுள்ளவர்கள் ஒரு யூஎஸ்பி மீட்டர் வாங்கி வைத்துக்கொள்ளலாம். அடாப்டருக்கும் கேபிளுக்கும் நடுவே செருகினால் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று காட்டும் சிறு கருவி. மவுஸுக்குள் நடப்பதைத் திறக்காமலே படிக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. 5 வோல்ட் இருந்து ஆம்பியர் பூஜ்யம் என்றால் துளை, ஸ்விட்ச், சிப் மூன்றில் ஏதோ ஒன்றில் தடை. 0.02, 0.03 என்று நின்றால் பேட்டரி மிகக் கீழே இருக்கிறது, பொறுக்கலாம். 0.2, 0.3 என்றால் எல்லாம் சரி. அது மெல்லக் குறைந்துகொண்டே வந்தால் நிரம்புகிறது என்று பொருள். பந்து மேலே மிதந்து வருவதை இந்த மீட்டரில் கண்ணால் பார்க்கலாம்.

இன்னொரு புகார்: சார்ஜ் ஏறுகிறது, பத்தே நிமிடத்தில் 100 சதவீதம் காட்டுகிறது, ஒரு மணி நேரத்தில் செத்துவிடுகிறது. இங்கே நாம் அந்தச் சதவீதத்தைச் சற்றுச் சந்தேகிக்க வேண்டும். பெரும்பாலான மவுஸ்கள் உள்ளே எவ்வளவு மின்சாரம் இருக்கிறது என்பதை அளப்பதில்லை. வோல்ட்டைப் பார்த்து ஊகிக்கின்றன. லித்தியம் பேட்டரி தன் வாழ்நாளின் பெரும்பகுதியை 3.7 வோல்ட்டை ஒட்டியே கழிக்கும், அதனால் ஊகம் எப்போதும் கரடுமுரடானதுதான். பேட்டரி மூப்படைந்தால் உள்தடை கூடும். சார்ஜ் ஏறும்போது வோல்ட் பொய்யாக உயர்ந்து நிற்கும், பயன்படுத்தும்போது பொய்யாகத் தாழும். சதவீதம் தாவித் தாவி இறங்குவது அதனால்தான். இது கேபிள் மாற்றித் தீராது. பேட்டரியைத்தான் மாற்ற வேண்டும்.

லித்தியம் பேட்டரி 500 முறை போல ஏற்றி இறக்கினால் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கு குறையும் என்பது பொதுவான கணக்கு. மவுஸுக்கு அந்தக் கணக்கு எட்டவே எட்டாது. லாஜிடெக்கின் எம்எக்ஸ் மாஸ்டர் 3 ஒரு முறை நிரப்பினால் 70 நாள் வரும் என்று அந்த நிறுவனம் சொல்கிறது. அப்படியானால் ஆண்டுக்கு ஐந்தாறு முறைதான். மவுஸ் பேட்டரியைக் கொல்வது உழைப்பைவிட மறதிதான் என்பேன். காலியான நிலையில் மாதக்கணக்கில் கிடப்பதும், சித்திரை வெயில் விழும் ஜன்னலோரத்தில் ஏறிக்கொண்டிருப்பதும் அதற்கு ஆகாது. 45 டிகிரிக்கு மேல் லித்தியம் பேட்டரியில் சார்ஜ் ஏற்றக் கூடாது. பயன்படுத்தாமல் வைப்பதாக இருந்தால் பாதி அளவு ஏற்றி, ஸ்விட்சை அணைத்து வையுங்கள். முழுதாக வடியவிட்டுத்தான் ஏற்ற வேண்டும் என்பது பழைய நிக்கல்-காட்மியம் பேட்டரிகளுக்குச் சொன்ன விதி, இங்கே அது கெடுதலே செய்யும்.

மவுஸின் அடிப்பக்கம் உப்பியிருந்தாலோ, மேசையில் சமமாக உட்காராமல் ஆடினாலோ, திடீரென்று பொத்தான்கள் அழுந்த மறுத்தாலோ, உள்ளே பேட்டரி வீங்கியிருக்கலாம். அதற்கு மேல் சார்ஜ் ஏற்றிப் பார்க்கவே வேண்டாம். குத்தவோ நசுக்கவோ கூடாது, தீப்பிடிக்கும்.

பேட்டரியை மாற்றுவது பல மவுஸ்களில் எளிது. திருகுகள் பெரும்பாலும் அடியில் வழுக்கிச் செல்ல ஒட்டியிருக்கும் பட்டைகளுக்குக் கீழே மறைந்திருக்கும். பேட்டரியின் மேல் 602030 போல ஆறு இலக்க எண் இருந்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். 6.0 மில்லிமீட்டர் தடிமன், 20 அகலம், 30 நீளம் என்பதே அதன் பொருள். அந்த எண்ணைச் சொன்னால் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போன்ற இடங்களில் கடைக்காரர் வேறெதுவும் கேட்காமல் எடுத்துக் கொடுப்பார். பாதுகாப்புத் தகடு ஒட்டியதாகவே கேட்டு வாங்குங்கள். கனெக்டர் அதே வடிவில் இருந்தாலும் சிவப்பு ஒயரும் கறுப்பு ஒயரும் இடம் மாறி வருவதுண்டு. செருகுவதற்கு முன் பழையதோடு ஒப்பிட்டுப் பாருங்கள், தலைகீழாகப் போனால் சிப் அந்த நொடியிலேயே போய்விடும். கழற்றிய பேட்டரியின் இரண்டு ஒயர் முனைகளையும் தனித்தனியாக டேப் சுற்றி வையுங்கள். வீட்டுக் குப்பையில் போடாமல் மின்னணுக் கழிவு வாங்குமிடத்தில் கொடுத்துவிடுங்கள். 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழைய பேட்டரிகளைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளர்களுடையது. புதியதைப் போட்டபின் முதல்முறை ஏற்றும்போது பெட்டியோடு வந்த அகலப் பின் கேபிளையே பயன்படுத்துங்கள்.